கடல் கடந்து வீடு வாங்குதல்: பத்திரமும் வெள்ளமும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

நம் ஊரில் மனையோ வீடோ வாங்கப் புறப்படுகிறவர் முதலில் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைத்தான் பார்க்கிறார். தண்ணீர் நிற்குமா, பங்காளி வழக்கு ஏதேனும் உண்டா, பாதை யாருடையது என்பனவெல்லாம் அரைமணி நேரத்தில் திண்ணையிலேயே தெரிந்துவிடும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் அதற்குப் பிறகுதான். கடல் கடந்து போய் வீடு வாங்குகிறவருக்கு இந்தத் திண்ணை கிடையாது. அது இல்லாத இடத்தில் அந்நாட்டுச் சட்டமும் அரசின் வரைபடமும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நாடுதோறும் சட்டம் வேறு. ஆகவே இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டு நடந்த ஒன்றால் அந்நாட்டு நடைமுறையைப் படிக்கவேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டது.

என் தமக்கை இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் குளாஸ்டர் நகருக்கருகே செவிலியராகப் பணிபுரிகிறார். மாமாவும் அங்கேயே வேலையில் இருக்கிறார். ஆறு ஆண்டுகளாக வாடகை வீடு. சென்ற ஆவணியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, வீடு பார்த்துவிட்டோம். செவர்ன் ஆற்றின் பக்கம். 2012-இல் கட்டியது, புது வீடு மாதிரியே இருக்கிறது" என்றார். விலை 2,85,000 பவுண்டு. பெரும்பகுதி வங்கிக் கடன். முன்பணத்தில் 20,000 பவுண்டு குறைந்தது. அதை அனுப்புவதாக அப்பா உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் ஏரியின் கலங்கலுக்குக் கீழே எங்களுக்கு முப்பது சென்ட் நிலம் உண்டு. ஓய்வுபெறப் போகும் வெளியூர் ஆசிரியர் ஒருவர் வீடு கட்டுவதற்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் இரண்டு இலட்சம் முன்பணம் வாங்கிவிட்டார்.

பணம் அனுப்புவதில் பெரிய தடையில்லை. இந்தியாவில் வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது 2015 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. குறித்த அளவுக்கு மேற்பட்டால் வங்கி வரி பிடித்துக்கொள்ளும். பிறகு வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். இங்கிலாந்திலும் அயல்நாட்டார் வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் அப்பாவுக்கு ஓர் ஆசை. பணம் தருகிறோமே, பத்திரத்தில் நம் பெயரும் இருக்கட்டுமே என்றார். இந்தச் சிறு ஆசைக்குள் இரண்டு கண்ணிகள் இருந்தன. கூட்டாக வாங்குவோரில் ஒருவர் அந்நாட்டில் வசிக்காதவராயின் முத்திரை வரியில் நூற்றுக்கு 2 கூடுதல். இது 2021 ஏப்ரல் முதல் உள்ளது. வாங்குவோரில் ஒருவருக்கு உலகில் எங்கேனும் 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வேறு வீடு இருந்தால் மற்றொரு கூடுதல் வரி. 2024 அக்டோபர் 31 முதல் அது நூற்றுக்கு 5. எங்கள் கிராமத்து ஓட்டு வீடு, அடிமனையோடு சேர்த்து மதிப்பிட்டால், அக்காவின் வீட்டு வரியை உயர்த்திவிடும் நிலை! அப்பா பெயர் வேண்டாமென்று முடிவாயிற்று. அதன் பிறகும், இந்தத் தொகை அன்பளிப்புத்தான், கடனன்று, வீட்டில் எனக்கு உரிமை ஏதும் இல்லை என்று அவர் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. தந்தையிடம் இப்படியொரு கடிதம் கேட்பதற்கு அக்கா பட்ட கூச்சம் பெரிது.

விற்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை

இங்கிலாந்தின் வீட்டு விற்பனைச் சட்டத்துக்கு அடிப்படை ஒரு பழைய இலத்தீன் தொடர்: கேவியட் எம்ப்டார். வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்பது பொருள். உரிமையில் உள்ள மறைவான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் சுவரில் ஈரம், கூரையில் ஒழுக்கு, மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் என்று பொருளின்மேல் உள்ள குறையைத் தாமாக வந்து சொல்லும் கடமை அவருக்கு இல்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவே. பொய்யோ தவறான தகவலோ தந்தால் 1967-ஆம் ஆண்டின் தவறான எடுத்துரைப்புச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். வீட்டுத் தரகர்கள்மீது நுகர்வோர் சட்டம் கடுமையாக இருக்கிறது. முக்கியச் செய்தியை அவர்கள் மறைக்கக் கூடாது. எனினும் தரகருக்கே தெரியாத செய்தியை எந்தச் சட்டம் வெளியே கொண்டுவரும்?

இக்காரணத்தால் அங்கே கேள்வி கேட்பதே ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. விற்பவர் நிரப்பித் தரும் நீண்ட படிவம் ஒன்று உண்டு. வீடோ தோட்டமோ எப்போதாவது வெள்ளத்தில் மூழ்கியதுண்டா என்பது அதில் ஒரு கேள்வி. அக்கா பார்த்த வீட்டின் உரிமையாளர் அதை வாங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 'தெரிந்தவரை இல்லை' என்று எழுதியிருந்தார். அது பொய்யன்று. அந்த மூன்றாண்டில் வெள்ளம் வரவில்லை. அதற்கு முன் நடந்தது அவருக்குத் தெரியாது. உண்மை பேசுகிற ஒருவரிடமிருந்தும் உண்மை கிடைக்காமற் போகலாம் என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

பத்திரம் எதைக் காட்டும்?

இதில் அந்நாடு நம்மைவிட முன்னே நிற்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தான். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. அங்கோ உரிமையே பதிவாகிறது. நிலப் பதிவகம் 1862-இல் தோன்றியது. விற்பனையின்போது கட்டாயப் பதிவு என்னும் விதி 1990 டிசம்பர் முதல் நாடு முழுமைக்கும் வந்தது. பதிவேட்டில் மூன்று பகுதிகள்: சொத்து எது, உரியவர் யார், அதன்மேல் உள்ள கடனும் கட்டுப்பாடும் என்ன. சில பவுண்டு கட்டணம் செலுத்தினால் யாரும் நகல் பெறலாம். பதிவேட்டில் பிழை நேர்ந்து ஒருவர் நட்டமடைந்தால் இழப்பீட்டுக்கு அரசின் பதிவகமே பொறுப்பு. நம் மாணவர்கள் ஒப்பிட்டுப் படிக்கத் தக்க செய்தி இது.

ஆயினும் பதிவேட்டைக் கண்டு மனநிறைவு கொள்வதற்கில்லை. வரைபடத்தில் வீட்டைச் சுற்றி வரையப்படும் சிவப்புக் கோடு பொதுவான எல்லையையே காட்டும். வேலி அரை அடி தள்ளியிருப்பதை அது தீர்த்து வைக்காது. அடுக்குமாடிகளில் பெரும்பாலும் நூறு, நூற்றிருபது ஆண்டுக் குத்தகையே விற்கப்படுகிறது. எஞ்சிய காலம் எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்கினால் அடமானக் கடன் கொடுப்போர் தயங்குவர்.

மற்றொரு பொறுப்பையும் சொல்லியாக வேண்டும்; படித்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. சில பழைய ஊர்களில், குறிப்பிட்ட நிலத்தை உடையவர் அவ்வூர்த் தேவாலயத்தின் கருவறைப் பகுதியைப் பழுதுபார்த்துத் தர வேண்டும். வார்விக்ஷயர் பகுதியில் ஆஸ்டன் கான்ட்லோ என்னும் சிற்றூரில் பண்ணை நிலம் ஒன்றை மரபுரிமையாகப் பெற்ற குடும்பத்திடம், 1994-இல் ஏறத்தாழ 95,000 பவுண்டு பழுதுபார்ப்புச் செலவு கேட்டு அறிவிப்பு வந்தது. பொறுப்போ பல நூற்றாண்டு பழையது. வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 2003-இல் தீர்ப்பு தேவாலயத்தின் பக்கம். நம்மூர்க் கோயில் மானிய நிலங்களை அறிந்தவர்க்கு இது புதிராகத் தோன்றாது. அவ்வழக்குக்குப் பின் விதி மாறியது. 2013 அக்டோபர் 13-க்குள் பதிவேட்டில் ஏற்றப்படாத இத்தகைய பொறுப்பு, அதன்பின் விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்கிறவரைக் கட்டுப்படுத்தாது. அக்காவின் சொலிசிட்டர் இதையும் ஒரு வரியில் குறித்து, இல்லை என்று எழுதியிருந்தார்.

அவர் அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி வேறொன்று. அவ்வீட்டுத் தோட்டத்தின் பின்னெல்லை ஒரு சிற்றோடை. நம்மூரில் ஓடை என்றால் புறம்போக்கு. அங்கே, எதிர்ச்சான்று இல்லாவிட்டால், கரையில் நிலமுடையவர் ஓடையின் நடுக்கோடு வரை உடையவராகக் கருதப்படுகிறார். கூடவே கடமையும் வருகிறது: நீர் தடையின்றி ஓட வேண்டும், விழுந்த மரத்தை அவரே அகற்ற வேண்டும். ஓடையோரத் தோட்டம் என்று மகிழ்ந்த மாமாவுக்கு இது தெரிந்தபோது, "சம்பளமில்லாத நீர்க்கட்டி வேலையும் சேர்த்துத்தான் விலைக்கு வருகிறதா?" என்றார்.

நீரின் கணக்கு

பதிவேட்டில் அக்கா பார்த்த வீடு குற்றமற்றது. வெள்ளமோ பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அதற்குத் தனியே தேட வேண்டும்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெள்ள வரைபடங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டட அனுமதிக்கென உள்ள வரைபடம் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஆற்று வெள்ளம் ஓர் ஆண்டில் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றாம் மண்டலம். கடல் வெள்ளமாயின் இருநூற்றில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்று வரை இரண்டாம் மண்டலம். எஞ்சியது முதலாம் மண்டலம். கரைகளும் மதகுகளும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கரைகளையும் கருத்திற்கொண்டு வரையப்பட்ட மற்றொரு வரைபடமும் உண்டு. அக்கா முதலில் பார்த்தது இரண்டாவதை. அதில் 'இடர் குறைவு' என்றிருந்தது. சொலிசிட்டர் வரவழைத்த அறிக்கையோ 'மூன்றாம் மண்டலம்' என்றது. இரண்டும் பொய்யில்லை. ஆற்றங்கரை அணை நிற்கும் வரை இடர் குறைவு. அது இல்லையேல் வீடு ஆற்றின் வழியில் இருக்கிறது. அணையைப் பராமரிக்க முகமைக்கு அதிகாரம் உண்டேயன்றிக் கட்டாயக் கடமை இல்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

"நூறு வருஷத்துக்கு ஒருதரம் வருகிற வெள்ளமாம். நம் காலத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றார் அக்கா. நான் இதை எங்கள் புள்ளியியல் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் இரண்டே வரிகளில் காட்டினார். ஓர் ஆண்டில் வெள்ளம் வராமலிருக்கும் வாய்ப்பு 0.99. இருபத்தைந்து ஆண்டுக் கடன் முடியும் வரை வராமலே இருக்க அதை இருபத்தைந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.78. அதாவது கடன் தீருமுன் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22. "ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள். நூறு வருஷம் என்பது பஞ்சாங்கக் கணக்கில்லை, தம்பி" என்றார்.

அப்பகுதியின் கதையும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். குளாஸ்டருக்கு வடக்கே டூக்ஸ்பரி என்னும் பழைய நகரில் செவர்னும் ஏவனும் கூடுகின்றன. 2007 ஜூலையில் பெய்த பெருமழையில் அந்நகரம் தீவாயிற்று. 1121-இல் திருநிலைப்படுத்தப்பட்ட அதன் பெரிய தேவாலயம் மேட்டில் நிற்க, நான்கு புறமும் பழுப்பு நீர் சூழ்ந்த வான்படம் அன்று உலகெங்கும் வெளியாயிற்று. அருகிலுள்ள மைத் நீர்சுத்திகரிப்பு நிலையம் மூழ்கவே, ஏறத்தாழ 3,50,000 மக்களுக்கு இரண்டு வாரமளவு குழாய்நீர் கிடைக்கவில்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்க நீரில்லை! அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 55,000 வீடுகளும் கட்டடங்களும் நீரில் மூழ்கின. 13 பேர் மாண்டனர். அவற்றுள் பெரும்பகுதி ஆறு கரைபுரண்டதால் அன்று. வடிய வழியின்றித் தெருவில் தேங்கிய மழைநீரால் ஏற்பட்டது. ஆற்றுக்குத் தொலைவில் வாங்குகிறேன் என்பவரும் ஆறுதல் கொள்வதற்கில்லை.

டூக்ஸ்பரியின் பழங்குடிகள் தேவாலயத்தை மேட்டில் கட்டி, ஆற்றோரத்தைப் புல்வெளியாக விட்டிருந்தனர். செவர்ன் ஹாம் என்னும் அப்புல்வெளி இன்றும் வெள்ளம் பரவும் இடம், அங்கே வீடில்லை. 'ஹாம்' என்பது அவ்வட்டாரத்தில் ஆற்றோரப் புல்நிலத்துக்குப் பெயர். நம் பக்கத்தில் 'தாங்கல்' என்ற சொல்லைக் கேட்டதும் நீர் நினைவுக்கு வருவது போலத்தான். சென்னையில் 'லேக் ஏரியா' என்று பெயர் வைத்துக்கொண்டே தெருக்கள் போட்டிருக்கிறோம். பெயரைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அதுவும் ஒரு வரைபடமே.

புது வீடு என்னும் குறை

எங்களை உண்மையில் தடுத்து நிறுத்தியது வரைபடமன்று, காப்பீடு. கட்டடக் காப்பீடு இல்லாமல் அங்கே அடமானக் கடன் கிடையாது. வெள்ளப் பகுதி வீடுகளுக்குக் காப்பீடு எட்டாத விலைக்குப் போய்விட்டதால், 2014-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் வழியே 2016 ஏப்ரலில் 'ஃப்ளட் ரீ' என்னும் பொது ஏற்பாடு தொடங்கிற்று. காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் அதற்குப் பணம் கட்டுகின்றன. வெள்ளத்துக்குரிய இடரை அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அவ்வீடுகளுக்கும் கட்டணம் தாங்கும்படி இருக்கிறது. 2039-இல் இவ்வேற்பாடு முடியும்.

இதில் ஒரு வரம்பு. 2009 ஜனவரி முதல் நாளுக்குப் பின் கட்டிய வீடுகள் இதில் சேரா. வெள்ளநிலத்தில் புதிதாகக் கட்டுவோர்க்கு ஊக்கம் தந்துவிடக் கூடாது என்பது நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் அதன் தண்டனை கட்டியவர்மீது விழவில்லை. அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். பின்னர் வாங்குகிறவர்மீது விழுகிறது. 2012-இல் கட்டிய அக்காவின் 'புது மாதிரி' வீட்டுக்கு இரண்டு நிறுவனங்கள் மறுத்தன. மூன்றாவது ஒத்துக்கொண்டது, ஆனால் வெள்ளச் சேதத்தில் முதல் 10,000 பவுண்டை நீங்களே ஏற்க வேண்டும் என்றது. அதே தெருமுனையில் நூறாண்டுப் பழைய செங்கல் வீட்டுக்காரர் சாதாரணக் கட்டணத்தில் காப்பீடு வைத்திருக்கிறார்! பழையதினும் புதியது நன்று என்று எண்ணி வாங்குகிற நம்மவர்க்கு இவ்விதி தெரிய வேண்டும்.

நாள் பற்றியும் ஒரு சொல். விலை பேசி முடித்த பிறகும், ஒப்பந்தங்கள் கைமாறும் நாள் வரை இருதரப்பாரும் விலகலாம். கைமாறிய அன்று வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அதன்பின் விலகினால் அது போயிற்று. குடிபுகும் நாள் இரண்டு மூன்று வாரம் கழித்து வரும். பெரும்பாலும் கையாளப்படும் பொது விற்பனை நிபந்தனைகளின்படி, கைமாறிய நாளிலிருந்தே சொத்தின் இடர் வாங்குபவருடையது. சாவி விற்பவரிடம் இருக்கும்; அன்றிரவு வெள்ளம் வந்தாலும் முழு விலையையும் கொடுத்தாக வேண்டியவர் வாங்குபவர். எனவே காப்பீடு சாவி வாங்கும் நாளில் அன்று, ஒப்பந்த நாளிலேயே தொடங்க வேண்டும்.

ஐப்பசி முதல் வாரத்தில், ஒப்பந்தம் கைமாறுமுன், அக்கா விலகிக்கொண்டார். சொலிசிட்டர், மதிப்பீட்டாளர் கட்டணம் என்று 1,800 பவுண்டு நட்டம். தொலைபேசியில் அழுதார். சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஓர் ஆப்பிள் மரம் இருந்ததாம்.

எங்கள் நிலம்

"விற்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லியிருக்கலாமே!" என்று அக்கா அன்று பொருமினார். அப்பா பதில் பேசவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். 2015 கார்த்திகையில் கலங்கல் வழிந்தபோது எங்கள் முப்பது சென்ட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2021 ஐப்பசியில் முழங்காலளவு. ஆசிரியர் நிலம் பார்க்க வந்தது சித்திரையில். மண் வெடித்துக் கிடந்தது.

நான் அப்போது இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1882-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம். அதன் 55-ஆம் பிரிவு சொல்கிறது: தமக்குத் தெரிந்ததும், வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரண எச்சரிக்கையோடு பார்த்தால் அவருக்குப் புலப்படாததுமான முக்கியக் குறையை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். குறை பத்திர உரிமையில் இருந்தாலும் சரி, சொத்தில் இருந்தாலும் சரி. தம் நாட்டில் விற்பவர்மேல் சுமத்தாத கடமையை அவர்கள் இங்கே நம்மேல் எழுதிவைத்தனர்! இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவர் வாத்தியார். விசாரிக்காமலா வாங்குவார்?" என்றார் அப்பா.

"சித்திரையில் யாரிடம் விசாரித்தால் தெரியும், அப்பா? நம்மிடம்தானே விசாரித்தார்?"

அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான்கு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலை அவரே ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். "மழை பிடித்ததும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சார். தண்ணீர் நிற்கும் இடம் அது" என்றார்.

கார்த்திகையில் அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பின்மேல் நின்றார். தண்ணீர் அவ்வாண்டு கணுக்காலளவுதான். 2015-இல் எவ்வளவு நின்றது என்பதை அப்பா பக்கத்துப் பனைமரத்தில் குடைக்கம்பால் தொட்டுக் காட்டினார். ஆசிரியர் அம்மரத்தையும் ஏரிக்கரையையும் வெகுநேரம் பார்த்தார். முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நான்கடி மண் கொட்டி மேடாக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அப்படி மேடாக்கினால் தண்ணீர் அடுத்த காட்டில் நிற்குமே என்றும் அவரே சொல்லிக்கொண்டார். விலையில் மூன்று இலட்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் பேருந்தேறினார். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கா இப்போது வேறொரு வீடு பார்த்திருக்கிறார். 1930-களில் கட்டியது, சரிவின் மேற்புறம். ஆப்பிள் மரம் இல்லையாம்.